ஒரு நாள் அத்தை

கையை நீட்டு பாப்பான்னு வாசல்ல நின்ன போலீஸ்காரம்மா சொன்னதும் என் பொண்ணு ரெண்டு கையையும் நீட்டிட்டா. ஒன்னு போதும் கண்ணு, உனக்குப் பிடிச்ச கையா ஒன்னு குடுன்னு அவங்க சிரிச்சாங்க. காணும் பொங்கல் அன்னைக்கு வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்கு ஊரே திரண்டு வரும், அந்தக் கூட்டத்துல பிள்ளைங்க தொலைஞ்சிடக் கூடாதுன்னு ஒவ்வொரு பிள்ளை மணிக்கட்டுலயும் ஒரு பட்டையைச் சுத்தி, பேரு, அம்மா பேரு, போன் நம்பர் எல்லாம் எழுதி உள்ளே விடுவாங்க. பேரு? தன்ஷிகா. அம்மா பேரு? நான் வாயைத் திறந்துட்டேன். சத்தியமா திறந்துட்டேன், சுகன்யாவுல சு வரைக்கும் வந்துடுச்சு, அதுக்குள்ள எங்க அண்ணி குறுக்கே பூந்து கலைச்செல்வின்னு எழுதுங்க மேடம்னு சொல்லி அவங்க நம்பரை மளமளன்னு ஒப்பிச்சாங்க. போலீஸ்காரம்மா கொட்டை எழுத்துல எழுதிட்டாங்க. எழுதி முடிச்சு ஊதி வேற விட்டாங்க, மை காயணுமாம். நான் பாத்துட்டு நின்னேன். அஞ்சு வருஷம் முன்னாடி பதினாலு மணி நேரம் கத்திப் பெத்தவ நான், இங்க பேக்கைத் தூக்கிக்கிட்டு சும்மா பாத்துட்டு நின்னவளும் நான்தான். குரோம்பேட்டையில ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன், ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ஊசி குத்துறேன், ரத்தம் எடுத்த டியூப்ல பேரு ஒட்டாம என் கையை விட்டு ஒன்னு நகராது. உங்க பேரை நீங்களே சொல்லுங்கன்னு கேட்டு, சீட்டோட சரிபாத்து, அப்புறம்தான் ஒட்டுவேன். பேரு மாறிப்போச்சுன்னா அவ்வளவுதான், இவன் சர்க்கரைக்கு அவன் மாத்திரை தின்பான். அப்படிப்பட்டவ முன்னாடி என் பிள்ளை மேல வேற பேரை ஒட்டி உள்ளே அனுப்புறாங்க, நானும் பின்னாடியே போறேன். தூ.

போன வாரம் அடுப்படியில வச்சுத்தான் விஷயத்தைச் சொன்னாங்க. அண்ணன் உதயகுமார் நேரா என்னைப் பாத்துச் சொல்லல, குக்கரைப் பாத்துச் சொன்னான். ஆவடிப் பக்கம் மாப்பிள்ளை, பாலமுருகன்னு பேரு, ஒரு கம்பெனியில சூப்பர்வைசர், அவருக்கும் முதல் கல்யாணம் சரிவரல, நல்ல மனுஷனாம், குடி கிடையாதாம். எல்லாம் சரி, அவங்க அம்மா ஒன்னே ஒன்னு கேட்டிருக்காங்க, பொண்ணுக்குப் பிள்ளை குட்டி இருக்கக் கூடாது. தரகர் பிள்ளை இல்லைன்னு சொல்லிட்டார். தரகர் சொன்னாரா, நீ சொல்லச் சொன்னியான்னு கேட்டேன். அண்ணன் குக்கர் விசிலைத் தூக்கிப் பாத்தான். எங்கம்மாதான் பதில் சொல்லிச்சு, இப்போதைக்கு தன்ஷி உங்க அண்ணன் பொண்ணா இருந்துட்டுப் போகட்டும்டி, ஆறு மாசம் போனா நாமளே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கலாம். ஆறு மாசம்! பொய்யை ஊறப்போட்டா என்ன, மாவு மாதிரி பொங்கி நல்லா வருமா? வீட்டுக்கு வந்து பாக்க வேணாமாம், ரெண்டாங் கல்யாணம்னா வாசல்ல புதுச் செருப்பு நாலு ஜோடி கிடந்தாலே தெரு பூரா கேக்கும். அதனால காணும் பொங்கலுக்கு ரெண்டு குடும்பமும் வண்டலூர் வர்றது, பன்னெண்டு மணிக்கு ஒட்டகச்சிவிங்கி கிட்ட தற்செயலா பாத்துக்குறது. அட நீங்களா, நீங்களும் வந்திருக்கீங்களான்னு எங்கம்மா மூணு நாளா கண்ணாடி முன்னாடி ஒத்திகை பாத்துச்சு. முதல்ல எல்லாம் குரல் ரொம்ப உசந்து போச்சு. நேத்துதான் சரியா வந்துது.

பொண்ணு பாக்க இந்த இடம்தான் கிடைச்சுதா உங்களுக்கு. ஒவ்வொரு கூண்டு முன்னாடியும் ஒரு பலகை, என்ன ஜாதி, எங்க பொறந்தது, என்ன தின்னும், எத்தனை குட்டி போடும். என் பலகையில மட்டும் கடைசி வரியைச் சுரண்டி வச்சிருக்கீங்க. வெள்ளைப் புலி கிட்ட நூறு பேரு நிக்கிறாங்க, அது மரத்தடியில படுத்து வாலைக்கூட ஆட்டாம தூங்குது. ஒரு ஆளு டேய் எழுந்திருடான்னு விசிலடிக்கிறான், காசு குடுத்து வந்திருக்கோம்ல. எழுந்திருக்காத, புலி. நல்லாத் தூங்கு. இவனுங்க சொன்னா எழுந்து நடந்து காட்டணும்னு உனக்கு என்ன தலையெழுத்து. நானும் அப்படிப் படுத்துக்கிட்டிருந்தா நல்லா இருந்திருக்கும், காலையில ஆறு மணிக்கு எங்கம்மா வந்து போர்வையை இழுத்து, எழுந்திரு, தலைக்கு ஊத்திக்க, அந்த அரக்குப் பொடவையைக் கட்டுன்னுச்சு, எழுந்துட்டேன், கட்டிட்டேன், முல்லைப்பூ வச்சா அதையும் வச்சுக்கிட்டேன். எது சொன்னாலும் தலையாட்டிட்டு உள்ளுக்குள்ள மட்டும் சண்டை போடுற ஜென்மம் நான். புளியோதரை டப்பாவும் உருளைக்கிழங்கு வறுவலும் என் தோள்ல தொங்குது. முன்னாடி அண்ணன், அவனை ஒட்டி அண்ணி, அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டு தன்ஷி. பாத்தா அழகான குடும்பம். பின்னாடி மூட்டை தூக்கிட்டு வர்றவ யாரு? அத்தை.

அந்த வார்த்தையை அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான், அதுதான் இன்னும் அரிக்குது. அண்ணன் சொன்னா அவ கேக்கல, பாட்டி சொன்னாலும் கேக்கல, அம்மாவை ஏன் அத்தைன்னு கூப்புடணும்னு எதிர்க்கேள்வி கேட்டா. அப்புறம் ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு நானே அதை ஆட்டமா மாத்தினேன். நாளைக்கு வண்டலூர் போறோம்ல, அங்க ஒரு ஆட்டம், என்னைக் கூப்புடுறப்ப அம்மான்னு சொல்லக் கூடாது, நானும் என்னை அம்மான்னு சொல்லிக்க மாட்டேன், யாரு முதல்ல சொல்றாங்களோ அவங்க அவுட்டு. கண்ணு ரெண்டும் மின்னுச்சு. ஜெயிச்சா என்ன குடுப்பன்னு கேட்டா. பேசுற பொம்மைன்னேன். அப்ப உன்னை என்னான்னு கூப்புடுறதுன்னா. போர்வையை அவ கழுத்து வரைக்கும் இழுத்து விட்டு, அத்தைன்னு கூப்புடுன்னேன். அத்தை அத்தை அத்தைன்னு சொல்லிப் பாத்துக்கிட்டே தூங்கிட்டா. எனக்குத் தூக்கம் வரல. ஆனா ஒன்னு, உண்மையைச் சொல்லிடுறேன், எனக்கு உள்ளுக்குள்ள ஒரு தைரியம் இருந்துது. இவ ஒளறிடுவா. கட்டாயம் ஒளறிடுவா. எந்த ரகசியமும் இவ வாயில பத்து நிமிஷம் தங்காது, அண்ணன் தலைக்கு டை அடிக்கிறதை மாடி வீட்டுக்காரங்க கிட்ட சொன்னவ, சீட்டு எடுத்த அன்னைக்கு எங்கம்மா புதுத்தோடு வாங்கினதைப் பால்காரர் வரைக்கும் கொண்டுபோனவ. ஒட்டகச்சிவிங்கியைப் பாத்த குஷியில அம்மா அம்மா இங்க வான்னு ஒரு கத்து கத்துவா, எல்லாம் முடிஞ்சுடும். நான் ஒரு வார்த்தை பேச வேணாம். யாரும் என்னைக் கெட்டவள்னு சொல்ல முடியாது. குழந்தைதானேன்னு விட்டுடுவாங்க. அந்த நம்பிக்கையிலதான் நான் பூ வச்சுக்கிட்டேன்.

அத்தை, அங்க பாரு மயிலு. முதல் தடவை கேட்டப்ப எனக்குப் புரியல, யாரையோ கூப்புடுறான்னு திரும்பிப் பாத்தேன். என்னைத்தான். அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டே தலையை மட்டும் பின்னாடி திருப்பி, ஒரு கண்ணைச் சிமிட்டுறா, எப்புடி என் சாமர்த்தியம்ங்கிற மாதிரி. அஞ்சு வயசுக்கு எங்கிருந்து வந்துது இந்த அமுக்கம். ஆமாம் மயிலுன்னேன். அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. அதுக்கப்புறம் குரங்கு கிட்ட வந்தோம், ஒரு தாய்க்குரங்கு வயித்துல குட்டியைத் தொங்கப் போட்டுக்கிட்டு அந்தக் கிளைக்கும் இந்தக் கிளைக்கும் தாவுது, குட்டி நாலு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருக்கு, அது யாரு குட்டின்னு பலகை பாத்துத் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியம் இல்ல. அண்ணி குனிஞ்சு, தன்ஷி செல்லம், அது யாரு, குட்டிக்கு அது யாருன்னு கேக்குறாங்க. அம்மாங்கிற பதிலை அவ வாயிலேர்ந்து வரவைக்கிற மாதிரி. அண்ணியைச் சும்மா திட்டிட்டும் போக முடியல என்னால. கல்யாணமாகி எட்டு வருஷம், வயித்துல ஒன்னும் தங்கல, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா ஏறி எறங்குனதுக்கு நான்தான் துணை, ரிசல்ட்டை எங்க லேப்லதான் பாத்தோம், படிச்சுச் சொன்னதும் நான்தான். இன்னைக்கு ஒரு நாள் ஒரு குழந்தை கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாங்க, எதிர்ல வர்றவங்க எல்லாம் உங்க பொண்ணா, உங்க சாடைன்னு சொல்றாங்க, அண்ணி முகம் ஜம்முனு பூத்துப் போயிருக்கு. பாவமா இருக்கு. பாவமா இருக்குன்னு என் பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட முடியுமா? பாவம்னா அழுவேன், கூட உக்காந்து அழுவேன். குடுக்க மாட்டேன்.

தன்ஷி ஏன் இப்படி நிக்கிறா. எடது காலைத் தூக்கி வலது கால் மேல பின்னிக்கிட்டு, உதட்டைக் கடிச்சுக்கிட்டு. புது ஷூ கடிக்குதோ. கடையிலயே சொன்னேன் ஒரு சைஸ் பெருசா வாங்குன்னு, யாரு கேட்டா. கிட்டப் போய்ப் பாக்கலாம்னு ரெண்டு எட்டு வச்சா எங்கம்மா முழங்கையைப் பிடிச்சு இழுக்குது, ஒட்டிக்கிட்டே திரியாதடி, பாக்குறவங்க கண்ணுக்குப் படும். அண்ணி அவகிட்ட ஒன்னுக்கு போறியாடா செல்லம்னு கேட்டாங்க, வேணாம்னு தலையாட்டிட்டா. அப்ப ஷூதான். அவ பொறந்து எட்டாம் மாசம் அவங்கப்பன் பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு பையைத் தூக்கிட்டுப் போனான், போனவன் வக்கீல் நோட்டீஸாத்தான் திரும்பி வந்தான். கோர்ட்டு வராண்டாவுல இவளை மடியில போட்டுத் தட்டிக்கிட்டு மூணு வருஷம் உக்காந்தேன். அப்ப எங்கண்ணன்தான் சோறு போட்டான், இல்லைங்கல. தன்ஷிக்கு மூச்சு வாங்குன ராத்திரி வண்டி ஓட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் அவன்தான். அதைச் சொல்லிச் சொல்லியே என் வாயை அடைக்கிறாங்க. அவனுக்கு, நாளைக்கு நான் போய்ட்டா நீ தனியா நிப்பியேங்கிற பயம், நிஜமான பயம்தான், அவன் கெட்டவன் இல்ல. கெட்டவனா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும். ஆனா யோசிச்சுப் பாரு சுகன்யா, ஆவடியில ஒரு வீடு, நான் அங்க, இவ இங்க. ராத்திரி இவளுக்கு மூச்சு வாங்குதுன்னு போன் வந்தா, என்ன சொல்லிட்டுக் கிளம்புவ? அண்ணன் பொண்ணுக்கு உடம்பு சரியில்லைன்னா? சரி காலையில போய்க்கலாம்னு அந்தாளு திரும்பிப் படுத்துட்டா? ஆறு மாசத்துல சொல்றதா? ஆறு மாசத்துல இவ அண்ணியை அம்மான்னு கூப்புடப் பழகியிருப்பா, நான் போய் நின்னா அத்தை வந்துட்டாங்கன்னு ஓடி வருவா. ஆட்டம்னு நெனச்சு ஆரம்பிச்சது ஆட்டமாவே நின்னுடும்னு யாரு கண்டா. மணி பதினொன்னே முக்கால்.

ஒட்டகச்சிவிங்கி ரெண்டு நிக்குது, உசரத்துல கட்டித் தொங்கவிட்ட தழையைத் தின்னுக்கிட்டு, கீழ நடக்குற கூத்து எதுவும் அதுங்களுக்கு எட்டல. அவங்க முன்னாடியே வந்து நிக்கிறாங்க. மாப்பிள்ளை கட்டம் போட்ட சட்டை, நெத்தியில திருநீறு, கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சிருக்கார். அவங்க அம்மா பச்சைப் பட்டு, கையில விசிறி. எங்கம்மா, அட நீங்களா, நீங்களும் வந்திருக்கீங்களா! மூணு நாள் ஒத்திகை பாத்தது மறுபடியும் உசந்து போய், பக்கத்துல நின்ன நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. என்ன ஒரு ஆச்சரியம் பாருங்களேன்னு அந்தம்மாவும் சொன்னாங்க, அவங்களும் வீட்டுல ஒத்திகை பாத்திருப்பாங்க போல. அண்ணன் சிரிக்கிறான், அண்ணி சிரிக்கிறாங்க. பொண்ணு லேப்லயா வேலை பாக்குது, ரத்தம் எடுக்குறப்ப கை நடுங்காதான்னு அந்தம்மா கேக்குறாங்க. நடுங்காதுங்கன்னேன். பொய் இல்ல, இது வரைக்கும் நடுங்கினது இல்ல. அப்புறம் அவங்க குனிஞ்சாங்க. இதோ வந்துடுச்சு. இதுக்குத்தான் காத்துட்டிருக்கேன். கத்துடி தன்ஷி. ஒரே ஒரு தடவை ஒளறுடி என் தங்கம், நீ ஒளறுனா உனக்கு ரெண்டு பொம்மை. பாப்பா பேரு என்னா? தன்ஷிகா. அட, நல்ல பேரு. உங்கம்மா எங்கடா?

தன்ஷி ஒரு நிமிஷம் என்னைப் பாத்தா. நேரா என் கண்ணையே பாத்தா. அப்புறம் கையைத் தூக்கி அண்ணியைக் காட்டினா. இவங்க யாருன்னு அந்தம்மா கேட்டதும், இவங்க அத்தைன்னு என்னைக் காட்டினா. தடுமாறல, தயங்கல, ஸ்கூல் மேடையில பாட்டு ஒப்பிக்கிற மாதிரி கணீர்னு. சொல்லிட்டு என்னைப் பாத்து எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கிறா, நான் எப்படிச் சொன்னேன் பாத்தியா, அவுட் ஆகலையே நான். அந்தம்மா அவ கையைப் பிடிச்சுப் பட்டையைப் படிக்கிறாங்க, தன்ஷிகா, அம்மா கலைச்செல்வி, ஓ கலைச்செல்வி நீங்களா, அப்படியே உங்களை உரிச்சு வச்சிருக்கான்னு அண்ணி தாடையைத் தொடுறாங்க. எனக்குக் காதுக்குள்ள கொய்ங்னு ஒரு சத்தம். அடிப்பாவி. உன்னைச் சொல்லலடி, என்னைச் சொல்றேன். அஞ்சு வயசுக் குழந்தை வந்து எனக்காக உண்மை பேசணும்னு காலையிலேர்ந்து காத்துட்டிருந்தவ நான். பெரியவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டு, அத்தனை பாரத்தையும் அந்தத் துளியூண்டு தலையில ஏத்தி வச்சிருக்கோம், அது கொஞ்சம் கூடக் கீழ போடாம சுமந்து கொண்டு வந்து நிக்குது. சொன்ன பேச்சைக் கேட்டிருக்கு. நான் சொன்ன பேச்சை. பேக்கைத் திறந்தேன், டியூப்ல பேரு எழுதுற மார்க்கர் எப்பவும் அதுலதான் கிடக்கும். எங்கம்மா என்னடி தேடுறன்னுது. மண்டி போட்டு உக்காந்தேன், பொடவை மண்ணாகும்னு யாரோ சொன்னாங்க, ஆகட்டும். தன்ஷி மணிக்கட்டைப் பிடிச்சேன்.

பேரு தப்பா ஒட்டியிருக்காங்கன்னேன். என் குரல்தான், லேப்ல பேசுற குரல். அண்ணி பேரு மேல ஒரு கோடு அடிச்சேன், அழுத்தி இல்ல, லேசா ஒரு கோடு, மேல சுகன்யான்னு எழுதினேன், நம்பரை எழுதினேன். சுகன்யான்னு அண்ணன் கூப்புட்டான், கெஞ்சுற மாதிரி. நான் நிமிந்து அந்தம்மாவைப் பாத்தேன். இவ எம் பொண்ணுங்க. நான் பெத்தது. எங்க அண்ணிக்குப் பிள்ளை கிடையாது, அவங்க மேல தப்பு இல்ல, எனக்கு வாழ்க்கை அமையணும்னுதான் இவங்க எல்லாரும் பொய் சொன்னாங்க, நானும் சேந்துதான் சொன்னேன். இப்ப சொல்ல மாட்டேன். பிள்ளையோட வர்ற பொண்ணு வேணாம்னா நீங்க தாராளமா வேணாம்னு சொல்லுங்க, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா இவளை இல்லைன்னு சொல்லிட்டு வந்து உங்க வீட்டுல ஒரு வேளை சோறு எனக்கு எறங்காது. நாளைக்கே தனி வீடு பாத்துக்கிட்டுப் போறதா இருந்தாலும் போவேன். நான் இவ அம்மா. எங்கம்மா தலையில கை வச்சுக்கிட்டு பக்கத்துக் கல்லுல உக்காந்துடுச்சு. அண்ணி கண்ணுல தண்ணி நிக்குது, ஆனா தன்ஷி கையை அவங்களே மெதுவா விட்டுட்டாங்க. அந்தப் பச்சைப் பட்டம்மாவுக்கு விசிறி நின்னு போச்சு.

ஐய்யோ, சொல்லிட்டன்னு தன்ஷி குதிச்சா. நீ சொல்லிட்ட, அந்த வார்த்தையைச் சொல்லிட்ட, நீ அவுட்டு, நீ அவுட்டு! ஆமாண்டி தங்கம், நான் தோத்துட்டேன், நீதான் ஜெயிச்ச. அப்ப ஆட்டம் முடிஞ்சுதா? முடிஞ்சுது. இனிமே எப்பவும் கிடையாதா? எப்பவும் கிடையாது. அப்ப நான் கூப்புடலாமா? கூப்புடு. உடனே கழுத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, காதுக்குள்ள, யாருக்கும் கேக்காத மாதிரி, அம்மா எனக்கு அப்பவே புடிச்சு ஒன்னுக்கு வருதும்மான்னா. எப்பலேர்ந்துடி? மயில் கிட்டேர்ந்து. ஏன்டி சொல்லல, கலைச்செல்வி மாமி கேட்டாங்கல்ல? நீதானே சொல்லியிருக்க, வெளியில போனா ஒன்னுக்கு வருதுன்னு அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லணும்னு, அம்மான்னு கூப்புட்டா நான் அவுட் ஆயிடுவேன்ல. அப்படியே அள்ளித் தூக்கினேன், இருவது கிலோ, புளியோதரை டப்பா இடிக்குது, பூ தோள்ல சரியுது, போனா போகட்டும். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இது வரைக்கும் வாயே திறக்காம நின்ன அந்த பாலமுருகன், பாத்ரூம் அந்தப் பக்கம் இருக்குங்கன்னு கையைக் காட்டினார். தெரியும்னேன். தெரியாது. கேட்டுக் கேட்டுப் போய்க்குவேன். கூட்டத்துல முழங்கையால இடிச்சு வழி பண்ணிக்கிட்டு நடக்குறேன், வழி விடுங்க, குழந்தைக்கு அவசரம், கொஞ்சம் வழி விடுங்கன்னு கத்துறேன். யாரோ ஒரு ஆளு, உங்க பொண்ணான்னு கேட்டுக்கிட்டே ஒதுங்குறான். ஆமாங்க, எம் பொண்ணுதான்.